நாற்பத்தேழாவது படம்

— தலையை ஆட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?

— ஆட்டல. சிரிச்சேன்.

— சிரிச்சா தலை ஆடும். தலை ஆடினா மூளைப் படம் கலங்கிடும். எட்டு நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் வீணாப் போச்சு, கியுசொக்.

— நீ நம்ம வீட்டு ரைஸ் குக்கரைக் காட்டினா நான் என்ன பண்றது? பாம்பு வருது, கத்தி வருது, பல்லைக் காட்டிட்டு நாய் வருது. நானும் வீரமா படுத்திருக்கேன். திடீர்னு நம்ம குக்கர் வந்து நிக்குது. மூடி ஓரத்துல உடைஞ்ச இடம்கூட அப்படியே. ‘சோறு தயார்’னு பேசிடப் போகுதுன்னு பாத்தேன்.

— அது வெறும் குக்கர். பாத்தா ஒரு உணர்ச்சியும் வராத சாதாரணப் படம். பயமுறுத்தற படத்துக்கு நடுவுல அந்த மாதிரியும் வேணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் மூளை எதுக்கு என்ன செய்யுதுன்னு தெரியும். சரியா?

— மத்தவங்களுக்கு சாதாரணம். எனக்கு அது காலைச் சாப்பாடு. அப்புறம் கெட்டில் வந்துச்சு. கைப்பிடியில கருகின தழும்பு. அது யார் கருக்கினது?

— நான்தான்.

— அப்புறம் பால்கனியில துணி காயற கம்பி. அதுல என் சாக்ஸ், யூரிம். முப்பத்தோரு பேர் இந்த மெஷின்ல படுத்துக்கிட்டு என் சாக்ஸைப் பாத்திருக்காங்க.

— ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. திரையில ஓடற கோடு ஆடாம அப்படியே போச்சு. உன் சாக்ஸ் அவ்வளவு சாதாரணம்.

— சந்தோஷம்.

— வெளிநாட்டுலேருந்து வாங்கின படத்தொகுப்புல புல்தரைக்கு நடுவுல கம்பத்து மேல தபால் பெட்டி நிக்கும். அதைச் சாதாரணப் படம்னு போட்டிருக்காங்க. நம்ம ஊர் ஆளு அதைப் பாத்து ‘இது என்னது’ன்னு யோசிக்கறார். யோசிச்சாலே மூளை வேற வேலைக்குப் போயிடும். அதான் போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுலயே சுத்திச் சுத்திப் படம் எடுத்தேன்.

— ஞாபகம் இருக்கு. நான் தூங்கிட்டு இருந்தேன். கிம்சி ஊறுகாய் டப்பாவை வெளிச்சத்துல வெச்சு கல்யாணப் பொண்ணு மாதிரி படம் எடுத்தே. அப்படி எடுத்துட்டு என்னையே கூட்டிட்டு வந்து படுக்க வெச்சா எப்படி? நம்ம வீட்டை நானே பாத்தா அது என்ன பரிசோதனை?

— இன்னைக்கு வர வேண்டிய ஆளுக்கு சளி. முப்பத்திரண்டாவது ஆள். மெஷினுக்கு நேரம் வாங்கியாச்சு. மழை பெய்யுது, உனக்கும் கயித்துல தொங்கிப் பெயிண்ட் அடிக்கற வேலை இல்ல. அவசரத்துல தோணல.

— நீயும் நானும் ஒரே வீட்டுல இருக்கோம்கறது தோணலயா?

— தோணல.

— ஒன்பது வருஷம், டாக்டரம்மா.

— பெயிண்டர் ஐயா, பேசாம படுக்கறீங்களா? இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு. குளுருதா?

— கால்தான். நீ குடுத்த இந்தக் கால்சட்டை முழங்காலோட நின்னுடுது. ஜிப் இருக்கக் கூடாது, பெல்ட் இருக்கக் கூடாது, மோதிரம் கூடாது. என்கிட்ட இருந்த கௌரவம் எல்லாம் அந்த அலமாரியில இருக்கு.

— போர்வையைக் கீழ இழுத்து விட்டுக்கோ. இடது கையை அசைக்காம. அந்தக் கையில ரெண்டு விரல்ல ஒட்டியிருக்கேன் பாரு, அது கழண்டுடக் கூடாது.

— இது எதுக்கு?

— வேர்வையைப் பாக்கும். உனக்குத் தெரியாத அளவுக்குத் துளி வேர்த்தாலும் இங்க என் திரையில ஒரு கோடு எழும்பும். மூளைப் படத்தைக் கணக்குப் போட்டுப் பாக்க நாள் கணக்காகும். கோடு உடனே தெரிஞ்சிடும்.

— இதுவரைக்கும் என் கோடு எப்படி?

— படுத்துத் தூங்குது. பாம்புக்குக் கொஞ்சம். நாய்க்குக் கொஞ்சம். அந்தப் பாறை உச்சியிலேருந்து கீழ பாக்கற படம் இருக்கே, அதுக்கு எல்லாருக்கும் மலை மாதிரி எழும்பும். உனக்கு ஒண்ணுமே இல்ல.

— அதுல ஒருத்தன் கயிறு கட்டியிருந்தான். முடிச்சைப் பாத்துட்டு இருந்தேன். அந்த முடிச்சு சரியில்ல.

— பயமா இருந்துச்சா?

— இருபத்தேழாவது மாடியில பலகையில உக்காந்துட்டு ரைஸ் ரோல் சாப்பிடறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?

— கேக்கறது என் வேலை. காதுக்கு உள்பக்கமா, ரெண்டு பக்கமும், பாதாம் பருப்பு அளவுல ஒண்ணு இருக்கு. கண்ணுல விழற படம் என்னன்னு நீ புரிஞ்சுக்கறதுக்கு முன்னாடியே அது துள்ளிடும். அது துள்ளினா, பாக்கற பகுதியும் முழிச்சுக்கிட்டு அந்தப் படத்தை இன்னும் கூர்மையாப் பாக்க ஆரம்பிக்கும். அப்புறம்தான் நீ ‘ஓ, பாம்பு’ன்னு சொல்றே.

— எனக்கு அது வேர்க்கடலை சைஸ்ல இருக்கும். அட விடு. உன்னை வேலைக்குக் கூப்பிட்ட அந்த ஜெர்மனிக்காரனுக்குப் பதில் போட்டியா?

— அதை இப்ப ஏன் கேக்கறே?

— இன்னைக்கு சாயந்திரம் ஆறு மணிக்குள்ள சொல்லணும்னே. அது தாண்டினா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும்னே. மணி இப்ப பன்னெண்டரை ஆகியிருக்கும்.

— பதில் எழுதி வெச்சிருக்கேன். அனுப்பல.

— என்னன்னு எழுதினே?

— நீ என்ன சொன்னே?

— ரெண்டு வாரமா அதையேதானே சொல்றேன். போ. ரெண்டு வருஷம் என்ன பெரிய விஷயம். இந்த மாதிரி மெஷினை விடப் பெரிய மெஷின், பெரிய ஆளுங்க, நீ படிச்சது எல்லாம் அதுக்குத்தானே. எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. வேலைக்குப் போவேன், வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். போ.

— ம்.

— என்ன ம்?

— ரெண்டாவது ஓட்டம் ஆரம்பிக்கறேன். எட்டு நிமிஷம். ஒவ்வொரு படத்துக்கும் பட்டன். ஒண்ணுன்னா ஒண்ணுமே இல்ல, நாலுன்னா ரொம்ப பயம். யோசிக்காம அமுக்கு. வலது கையில ரப்பர் பந்து இருக்கு இல்ல, தாங்க முடியலைன்னா அதை அமுக்கினா உடனே நிறுத்திடுவேன். சரியா?

— சுவத்துல துளை போடற மாதிரி சத்தம் வருமே, அதேதானே?

— அதேதான். கண்ணைத் திறந்து வெச்சிரு. நம்ம வீடு வந்தா சிரிக்காதே.

— சரி, சரி. போடு.

— எட்டு நிமிஷமும் முடிஞ்சுது. கேக்குதா?

— கேக்குது. இந்த தடவை சிரிக்கல. பாத்ரூம் கண்ணாடி வந்தப்பகூட பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். பாத்தியா?

— பாத்தேன்.

— வெளிய எடுக்கறியா? முதுகு பலகையாயிடுச்சு. கீழ இருக்கற கடையில சூடா டோஃபு குழம்பு வாங்கிக் குடு. மெஷினுக்கு உள்ள போனவனுக்கு அதுகூட இல்லைன்னா எப்படி? யூரிம்? மைக் வேலை செய்யலயா?

— செய்யுது. கொஞ்சம் இரு. உன் கோட்டைப் பாத்துட்டு இருக்கேன்.

— தூங்குதா?

— நாப்பத்தேழாவது படம் வரைக்கும் தூங்கிச்சு.

— அது என்ன படம்?

— நீதான் பாத்தே. நீ சொல்லு.

— அறுபது படத்துல நாப்பத்தேழாவது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரயில் கவுந்து கிடந்துச்சே, அதுவா?

— இல்ல.

— ரத்தத்தோட ஒரு கை.

— அதுக்கு நீ மூணு அமுக்கினே. கோடு இவ்வளவுதான் எழும்பிச்சு. நாப்பத்தேழாவதுக்கு எழும்பினது திரையில இடமே பத்தல. மேல தட்டிட்டு நிக்குது. முப்பத்தோரு பேர்ல இவ்வளவு உயரம் யாருக்கும் வரல.

— மூக்கு அரிச்சுது. சொறிய முடியல. அதான்.

— படம் வந்து ரெண்டு செகண்டுல எழும்பியிருக்கு.

— அப்ப கால் மரத்துப் போன நேரம்.

— கியுசொக்.

— பசி. பசியில வேர்க்கும். எனக்கு எப்பவுமே அப்படித்தான்.

— அது நம்ம வீட்டுப் படம்.

— பாத்தியா. நான் அப்பவே சொன்னேன், நம்ம வீட்டைக் காட்டினா கணக்குல வராதுன்னு. தூக்கிப் போடு.

— குக்கருக்கு சிரிச்சே. கோடு லேசாத்தான் அசைஞ்சுது. கெட்டில், சாக்ஸ், கண்ணாடி எல்லாத்துக்கும் அதேதான். இதுக்கு மட்டும் இப்படி. வாசல் படம். கதவைத் திறந்ததும் ஷூ கழட்டி விடற இடம்.

— ஓ. அதுவா.

— அதுதான்.

— சுத்தமா இருந்துச்சு. பாத்து சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷத்துலயும் வேர்க்கும்தானே?

— வேர்க்கும். கோடு அவ்வளவுதான் சொல்லும். உள்ள ஏதோ கலங்கிச்சுன்னு சொல்லும், அது பயமா சந்தோஷமான்னு சொல்லத் தெரியாது. அதுக்குத்தான் கையில பட்டன் குடுக்கறோம்.

— அப்ப பட்டனைப் பாரு. ஒண்ணுதான் அமுக்கியிருப்பேன்.

— நீ அமுக்கவே இல்ல.

— என்ன?

— அறுபது படத்துல அம்பத்தொன்பதுக்கு அமுக்கியிருக்கே. அந்த ஒண்ணுக்கு மட்டும் கை அசையவே இல்ல.

— மறந்திருப்பேன்.

— மறுபடி காட்டறேன். மெஷின் சத்தம் இல்லாம, படம் மட்டும்.

— எதுக்கு? அதான் கணக்குல வராதே. வேண்டாம். யூரிம், பசிக்குது, நிஜமா.

— ஒரே ஒரு தடவை. இதோ. என்ன, பந்தை அமுக்கிட்டியா? இங்க மணி அடிக்குது.

— கை பட்டுடுச்சு.

— கை படற பந்து இல்ல அது. அழுத்திப் பிடிச்சாதான் அடிக்கும்.

— படத்தை எடுத்துடு.

— எடுத்துட்டேன்.

— மணியை நிறுத்து.

— நிறுத்திட்டேன். மூச்சு விடு. மெதுவா. என்ன இருந்துச்சு அந்தப் படத்துல?

— என் ஷூ. பெயிண்ட் தெறிச்சது.

— அப்புறம்?

— குடை. சுவர். ஷூ போடறப்ப நான் உக்காருவேனே, அந்த முக்காலி.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணும் இல்ல. அதான்.

— சொல்லேன்.

— உன் ஷூ இல்ல.

— படம் எளிமையா இருக்கணும்னு என்னோடதை எடுத்து உள்ள வெச்சேன். ரெண்டு ஜோடி இருந்தா கண் அங்கயும் இங்கயும் ஓடும்.

— புரியுது. படத்துக்கு நல்லதுதான். ரொம்ப எளிமையா இருக்கு.

— தினமும் சாயந்திரம் நீதான் முதல்ல வீட்டுக்கு வர்றே. அப்பவும் ஒரு ஜோடிதான் இருக்கும். அப்ப உனக்கு இப்படி ஆகுதா?

— அப்ப எனக்கு மணி தெரியும். அஞ்சரைக்கு ஒரு ஜோடி. எட்டு மணிக்கு ரெண்டாவது வரும். நடுவுல நான் அரிசி கழுவுவேன். இந்தப் படத்துல மணி தெரியல. நீ எட்டு மணிக்கு வந்ததும் ஷூவை எப்படிக் கழட்டறேன்னு உனக்குத் தெரியுமா? ஒண்ணு இந்தப் பக்கம் பாக்கும், ஒண்ணு சுவத்தைப் பாக்கும். மனசு இன்னும் இந்த மெஷின்ல இருக்கும். அப்படியே உள்ள போயிடுவே.

— காலையில நேராத்தானே இருக்கு.

— அது தானா திரும்புதுன்னு நினைச்சியா?

— நீயா?

— தினமும். நீ பல் தேய்க்கப் போறப்ப. ரெண்டையும் சேத்து, வாசல் பக்கம் பாக்க வெச்சிடுவேன். காலையில நீ அவசரமா ஓடுவே, குனிஞ்சு தேட வேண்டாம்னு.

— ஒன்பது வருஷமா?

— முதல் வருஷம் ஸ்லிப்பரையும் திருப்பினேன். அது கொஞ்சம் அதிகம்னு விட்டுட்டேன்.

— நான் ஒரு தடவைகூடப் பாக்கல.

— பாக்கணும்னு வெக்கல. யோசிச்சுப் பாரு, ஒன்பது வருஷமா உன் ஷூவை நானே வாசலைப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கேன். இப்ப வந்து போகாதேன்னு எந்த வாயால சொல்றது?

— அப்ப போகாதேன்னு சொல்லத் தோணிச்சு.

— நான் அப்படிச் சொல்லல.

— கோடு மேல தட்டிட்டு நிக்குது, கியுசொக்.

— உன் கோட்டுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லாதே. தினமும் காலையில மாடிச் சுவத்தைத் தாண்டி முதல் கால் வெளிய வெக்கறப்ப எனக்குப் பயமா இருக்கும்.

— தினமுமா?

— பதினாலு வருஷமா, ஒரு நாள் விடாம. முடிச்சை மூணு தடவை இழுத்துப் பாப்பேன். கூட வேலை செய்யறவங்க கேலி பண்ணுவாங்கன்னு பாட்டு முணுமுணுக்கற மாதிரி நடிப்பேன். பலகையில உக்காந்து ரெண்டு மாடி இறங்கினதும் சரியாயிடும். அப்புறம்தான் ரைஸ் ரோல் எல்லாம்.

— இதை ஏன் எங்கிட்ட சொல்லல?

— நீ பயத்தைப் பத்திப் படிச்சவ. வீட்டுலயும் வேலை பாக்க வேண்டாம்னுதான்.

— விளையாடாதே.

— விளையாடல. சொன்னா நீ தினமும் காலையில என் முகத்தைப் பாத்துக்கிட்டு நிப்பே. அப்புறம் நான் போக மாட்டேன். பயமா இருக்குன்னா வேண்டாம்னு அர்த்தமா? பயமா இருக்கு, அவ்வளவுதான். முடிச்சைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதான். நீயும் அதே மாதிரி போ. உன் கோடு மேல இடிச்சாலும் சரி, கூரையைப் பிச்சுக்கிட்டுப் போனாலும் சரி, நான் சொன்னது சொன்னதுதான்.

— என் கடிதத்துல என்ன எழுதியிருக்கேன்னு கேட்டியே.

— என்ன?

— வர முடியலைன்னு எழுதியிருக்கேன்.

— ஏன்? உனக்குப் பிடிக்கலயா அந்த வேலை?

— பிடிக்காமலா. அந்த அறிவிப்பை நாலு மாசமா மடியில வெச்சுட்டு சுத்தறேன்.

— அப்ப எதுக்கு? நான்தான் போ போன்னு தொண்டை கிழியக் கத்தறேனே.

— அதனாலதான்.

— எது?

— நான் ஜெர்மனின்னு சொன்ன அன்னைக்கு நீ கத்திரிக்கோலால கிம்சி முட்டைக்கோஸை வெட்டிட்டு இருந்தே. கத்திரிக்கோல் நிக்கவே இல்ல. ‘போயேன், நல்ல விஷயம்தானே’ன்னு சொல்லிட்டு அடுத்த துண்டை வெட்டினே. ஏதோ நான் மளிகைக் கடைக்குப் போறேன்னு சொன்ன மாதிரி. அதுக்கப்புறம் ரெண்டு வாரமா தினமும் போ போ. பொட்டலத்தை சீக்கிரம் தபால்ல சேக்கற மாதிரி. எனக்கு எப்படி இருக்கும்?

— கத்திரிக்கோல் நின்னிருந்தா நீ கண்டுபிடிச்சிருப்பே. அதான் வெட்டினேன். அன்னைக்கு எவ்வளவு வெட்டினேன்னு ஞாபகம் இருக்கா? மூணு நாள் சாப்பிட்டோம்.

— நான் போனா உனக்கு நிம்மதியோன்னு நினைச்சேன்.

— நிம்மதியா? எதுக்கு நிம்மதி?

— எட்டு மணிக்கு வர்றேன். வந்தும் பேசறது இல்ல. சனிக்கிழமையும் இங்கதான். நான் இருந்தாலும் இல்லைன்னாலும் உனக்கு ஒண்ணுதான்னு ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அப்படி இருந்தா ரெண்டு வருஷம் போயிட்டுத் திரும்பி வந்தா இங்க எனக்கு இடம் இருக்குமா? அதுக்குப் போகாமலே இருந்துடலாம், வீட்டுலயே உக்காந்து உன்னைப் பாத்துட்டே இருக்கலாம்னு தோணிச்சு.

— அப்ப எனக்குப் பயம்னா நீ போவே, பயம் இல்லைன்னா போக மாட்டே. இந்தப் படிப்பை எந்த இன்ஸ்டிட்யூட்ல சொல்லித் தர்றாங்க?

— சிரிக்காதே.

— தலையை ஆட்டலாம் இல்ல இப்ப?

— ஆட்டிக்கோ.

— நல்லா ஆட்டறேன். இந்தா. ஒன்பது வருஷத்துல இவ்வளவு முட்டாள்தனமா நீ எதுவும் சொன்னது இல்ல. நீ கெட்டிலைக் கருக்கினது உள்பட.

— குளிர்காலம் என்ன பண்ணுவே?

— குளிர்ல பெயிண்ட் காயாது. டிசம்பர்லேருந்து மூணு மாசம் எனக்கு வேலையே கிடையாது. குன்சான் ஊர்ல அம்மாவைப் பத்து நாள் பாத்துட்டு அங்க வந்துடறேன். மீதி ஒன்பது மாசம்தான் கணக்கு. அதுவும் போன்ல மூஞ்சி தெரியும்.

— எப்ப யோசிச்சே இதை?

— கிம்சி வெட்டறப்ப.

— கியுசொக்.

— ம்.

— அங்க வீட்டுக்குள்ள ஷூ போட்டுட்டே நடப்பாங்களாம் சில பேர்.

— என் வீட்டுல நடக்கட்டும் பாக்கலாம். டிசம்பர்ல வந்து முதல் வேலையா வாசல்ல ஒரு பாய் போடறேன். நீ கடிதத்தை மாத்தி எழுது. முதல்ல என்னை வெளிய எடு, அப்புறம் எழுது.

— முதல்ல எழுதறேன். நீ அங்கயே இரு. வெளிய வந்தா நீ பேசிப் பேசியே என்னைக் குழப்பிடுவே.

— அப்படின்னா வாசிச்சுக் காட்டு.

— பழசை எல்லாம் அழிச்சாச்சு. ‘மதிப்புக்குரிய ஐயா, உங்கள் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். அக்டோபர் முதல் வாரம் வந்து சேருவேன்.’ போதுமா?

— வீட்டுக்காரர் டிசம்பர்ல வருவார்னு போடு. நல்லா சாப்பிடுவார்னும் போடு.

— அது அவருக்கு எதுக்கு?

— குழம்புக்கு சொல்லி வெப்பார் இல்ல. அனுப்பிட்டியா?

— அனுப்பிட்டேன்.

— ஓ.

— என்ன?

— ஒண்ணும் இல்ல. கோட்டைப் பாரேன், என்ன ஆச்சுன்னு.

— எழும்பிச்சு.

— ரொம்பவா?

— ரொம்ப. பயமா, சந்தோஷமா?

— ரெண்டும் சேந்து எந்தப் பட்டன்?

— அதுக்குப் பட்டன் இல்ல.

— அப்ப மெஷினை சரி பண்ணுங்க, டாக்டரம்மா. ஆமா, என் மூளைப் படத்தை என்ன பண்ணுவே? அதான் வீட்டுக்காரன், வீட்டுப் படம், ஒண்ணும் உதவாதே.

— உதவாது. ஆராய்ச்சிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

— பதினாலு வருஷமா மறைச்சு வெச்ச பயம். அதை வெளிய எடுத்துக் குடுத்தேன். யாருக்கும் உதவாதுன்னு சொல்றே.

— ஆராய்ச்சிக்குன்னு சொன்னேன். எனக்கு உதவும்.

— சரி. அப்ப வெச்சுக்கோ.

— வெச்சுக்கறேன். இரு, கதவைத் திறந்து உன்னை வெளிய இழுக்கறேன். அட, வாங்க, மிஸ்டர் மா, சாப்பிட்டாச்சா?

— யார் அது? மெஷின் பாத்துக்கறவர்தானே?

— ஆமா. மைக் கிட்ட வந்துட்டார், வணக்கம் சொல்லு.

— வணக்கம் சார். தலையை ஆட்டாம சொல்றேன்.

— வணக்கம், வணக்கம். ரொம்ப நேரமா உள்ள இருக்கீங்க போல இருக்கே, முகத்துல, தலையைப் பிடிச்சிருக்கற வலையோட அடையாளம் விழுந்திருக்கும். டாக்டர் யூரிம், இன்னைக்கு ஓட்டத்தை எந்தப் பேர்ல சேமிக்கறது? முப்பத்திரண்டு பேரும் போன வாரமே முடிஞ்சுட்டாங்களே. திரையில நிக்குதே, இந்த ஷூ படமும் நம்ம தொகுப்புல எப்பவும் இருந்தது இல்லையே.

— யூரிம், அப்ப சளி பிடிச்ச ஆள் யாரு?